லொறிக்கான அனுமதி

சனிக்கிழமை காலை ஆறு பத்து. றக்வானைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் நான் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது கிளாக்கரின் கணினித் திரை. அதில் பச்சை எழுத்தில் 'அனுப்பப்பட்டது' என்றிருந்தது. மேசைக்கு முன்னால் கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி ஈரக் காலுடன் நின்றாள்.

"மகளுக்கு வலி கண்டு ரெண்டு மணி நேரமாச்சுங்கய்யா. ஆஸ்பத்திரிக்குப் போக லொறிய அனுப்புங்க."

"கொழும்புலருந்து அனுமதி வரலம்மா. வந்தாத்தான் சாவி."

"கம்பியூட்டருக்கா புள்ள வலி வந்திருக்கு?"

கணினி வேலைக்காக நான் அங்கே வந்துபோன முதல் வருடங்களில் பெரிய கிளாக்கர் துண்டுக் காகிதத்தில் எழுதினால் லொறி புறப்படும். தோட்டத்து விவரங்கள் பிளொப்பித் தட்டில், பஸ்ஸில் கொழும்புக்குப் போகும். பிறகு தொலைபேசிக் கம்பி வழியாகப் போயின. தோட்டத்து மென்பொருள் சொல்வது தலைமை அலுவலக மென்பொருளுக்குப் புரியாததால், கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைமென்பொருளை எங்கள் கம்பனி நிறுவியது. டீசல் வீணாகிறதென்று லொறிக் கோரிக்கையையும் நிர்வாகம் அதன் வழியே விட்டது. ஆளின் எண் தோட்டப் பட்டியலில் இல்லாவிட்டால் கோரிக்கையை நிறுத்திவை என்ற விதியை எழுதியவன் நான்.

அந்தப் பெண்ணின் மகள் கொடகவெலப் பக்கத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். அவளுடைய எண் அந்தத் தோட்டத்து எண். என் அக்காவும் அப்படித்தான் வந்தாள். விதி எழுதும்போது அது எனக்குத் தோன்றவில்லை.

திறந்து பார்த்தேன். கோரிக்கை இடைமென்பொருளிலேயே கிடந்தது. 'அனுப்பப்பட்டது' என்றால் அதுவரை வந்தது என்று மட்டுமே பொருள். அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். விடுவிக்கக் கொழும்பால் மட்டுமே முடியும். அங்கே யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. தோட்டத்தை நடத்தும் தொரையும் லீவில்.

"நீங்க செஞ்ச சாமான்தானே சார். சாவிய குடுக்கவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க" என்றார் கிளாக்கர்.

"அது நான் சொல்ற விஷயமில்லைங்க" என்றேன். கையில் பிளேன்டீ இருந்தது. அதையும் குடித்து முடித்தேன். இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது.

"நல்லா படிச்சிருக்கீங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அந்தத் தாய் இறங்கிப் போனாள்.

கடைக்காரர் ஒருவரின் த்ரீவீலரில் மகளை ஏற்றினார்கள். பெல்மதுளைக்கு முன்னால், வழியிலேயே குழந்தை பிறந்து இறந்தது. லொறி அன்று முழுவதும் பெக்டரி வாசலில் நின்றது.

திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு அனுமதி வந்தது.