கையெழுத்துப் புடவை

தரணி அக்காவை நான் முதலில் பார்த்தது திருப்பதியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில். பெண்கள் வாசிப்பு வட்டம் என்று போஸ்டர் பார்த்துப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எந்தக் கூட்டத்திலும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு என்ற தைரியம். உள்ளே அறை முழுக்கப் பெண்கள். ஆண் என்று நான் ஒருவன்தான்.

வாசலில் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தவர்தான் தரணி அக்கா. என்னைப் பார்த்து, "ஜெராக்ஸ் கீழே" என்றார் தெலுங்கில். கூட்டத்துக்குத்தான் வந்தேன் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாட்டு எல்லையோரத்துப் பாலசமுத்திரம் என்றதும் பேச்சு தமிழுக்கு மாறிவிட்டது.

"அட, எங்க ஊர்ப்பக்கத்து ஆளா நீ! அப்போ சேரைத் தூக்கிப் போடு தம்பி. பெண்ணியம் அங்கேர்ந்துதான் ஸ்டார்ட் ஆவுது."

அக்கா ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் கவுண்டரில் வேலை பார்க்கிறார். எங்களைப் போலவே முன்பு நிலமில்லாமல் இருந்த குடும்பம். அம்மா வெங்கடம்மா பெயரில் அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர்தான் அவர்களுடைய முதல் சொத்து. வட்டத்தில் மாதம் ஒரு ஞாயிறு ஒரு புத்தகம். முடிந்தால் எழுதியவரையே கூப்பிட்டுப் பேச வைப்பார்கள். அப்போது அக்காவின் வாயில் எப்போதும் இருந்த சொல் இன்டர்செக்‌ஷனல். பெண் என்பதால் வரும் கஷ்டம், சாதியால் வருவது, ஏழ்மையால் வருவது என்று தனித்தனியாகப் பிரித்து வைக்க முடியாது, எல்லாம் கலந்துதான் ஒருத்தி தலையில் விழும் என்று விளக்கினார். புரிந்தது என்று தலையாட்டினேன்.

"புரிஞ்சிதுன்னா எனக்கும் சொல்லு. நானும் ரொம்ப நாளா படிச்சிக்கினுதான் கீறேன்."

போன வருடம் வெங்கடம்மா இறந்தார். நிலத்தை அண்ணன் சீனு பெயருக்கு மாற்ற வேண்டும். எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. எனக்கு ஆட்சேபம் இல்லை என்று கூடப்பிறந்தவள் கையெழுத்துப் போடுவாள். அண்ணன் புடவை எடுத்துத் தருவான். கேட்கிறவனுக்குக் கூச்சமில்லை, போடுகிறவளுக்குக் கோபமுமில்லை. அக்கா மட்டும் தள்ளிக்கொண்டே வந்தார். போட்டால் அம்மாவின் ஒரே சொத்து கையைவிட்டுப் போகும். போடாவிட்டால் அண்ணன் வீட்டு உறவு போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாவலாசிரியை இந்திராணி வந்திருந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியை, தலைமுறைகளாக நிலம் வைத்திருந்த வீட்டுப் பெண். அவருடைய நாவலில் ஒருத்தி அண்ணன்மாரோடு வழக்காடித் தன் பங்கை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறாள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஜவுளிக்கடைப் பையோடு ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டுவாக்ரா மீட்டிங்கா?" என்று கேட்டார். மகளிர் கடன் குழு என்று நினைத்துவிட்டார்.

"இல்லண்ணா, புத்தகக் கூட்டம்."

"லோன் இல்லியா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு இத்தினி பேரு?"

சீனு அவர்தான். அவரைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்று கேட்டேவிட்டார். "மேடம், உங்க நாவல்ல வர்ற மாதிரி எனக்கும் ஒரு அண்ணன். அதோ, புடவையோட வந்துட்டார். நிலத்துக்குக் கையெழுத்துப் போடவா, வேணாமா?"

"போடாதேம்மா. விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் நாமெல்லாம் இப்படி இருக்கிறோம்" என்றார் இந்திராணி. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சீனு எழுந்தார். "மேடம், நான் பத்தாவதோட நின்னு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போனேன். அந்தக் காசுலதான் இது டிகிரி படிச்சுது. நிலத்துல பாதி இதுக்கு, சரி. டிகிரில பாதி எனக்கு எழுதித் தருவாங்களா?"

தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டேன். இந்திராணி தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

அக்கா போனை எடுத்துக் கவிஞர் சந்தியாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். சந்தியா முந்தைய மாதம் வந்து பேசியவர், எங்களைப் போன்ற குடும்பம். அவராவது அண்ணன் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சீனுவைக் கேட்டார். "அந்த நிலத்துல களை எடுக்கிறது யாரு?"

"வீட்டுக்காரி. பிரியங்கா."

"கடலை புடுங்குறது?"

"அவதான். நான் டூட்டிக்குப் போய்டுவேன்."

"அப்ப அவ பேரு எந்தப் பேப்பர்ல இருக்கு?"

அக்கா பட்டென்று, "அண்ணி பேர்ல எழுதுண்ணா. இப்பவே கையெழுத்துப் போட்றேன்" என்றார்.

"அவ பேர்லயா? அவ வேற வீட்லேர்ந்து வந்தவ!"

அறையே சிரித்துவிட்டது. அங்கிருந்த கல்யாணமான பெண்கள் அத்தனை பேரும் எங்கோ ஒரு வீட்டுக்கு வேறு வீட்டிலிருந்து வந்தவர்கள்தான். சிரிப்பு எதற்கென்று சீனுவுக்குப் புரியவில்லை. முகம் சிறுத்துப்போய், பையை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அக்கா செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார். சந்து முனையில் அண்ணன் கத்தினார், தங்கை கத்தினார், அப்புறம் இரண்டு பேரும் கரும்புச்சாறு குடித்தார்கள். மாடியிலிருந்து பார்த்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிரியங்கா சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்திருந்தோம். மறுநாள் அக்காவுக்குப் போன் செய்து திட்டியிருக்கிறார். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா? புருசன் நெலத்தைப் புடுங்கிக்கினவன்னு ஊரு பேசும். நீ திருப்பதியில கீற. நான்தான் இங்க கீறேன்."

இதை என்னிடம் சொல்லிவிட்டு, "இதுக்குப் பதிலு எந்த புக்குல கீது தம்பி?" என்று அக்கா கேட்டார்.

தரணி அக்கா இப்போதும் அதே பில்லிங் கவுண்டரில்தான் இருக்கிறார். கையெழுத்துப் போடவில்லை. நிலம் இன்னும் வெங்கடம்மா பெயரிலேயே இருக்கிறது. பிரியங்கா இந்தப் பருவமும் கடலை போட்டிருக்கிறார், நாத்தனாரோடு பேசுவதில்லை. சீனு மட்டும் மாதம் ஒருமுறை வந்து கரும்புச்சாறு குடித்துவிட்டுப் போகிறார். புடவை அக்கா தங்கியிருக்கும் ஹாஸ்டல் அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.