அபூர்வம்

கடலில் சங்கு குளிப்பது அவருக்குத் தொழில். உப்பில் செம்பட்டையான முடி, எப்போதும் சிவந்த கண்கள். கைகால் விளங்காமல் போய்க்கொண்டிருந்த மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, நரம்பு மருத்துவரான என்னிடம் வருவார். நான் பேசி முடிக்கும்வரை தண்ணீருக்கடியில் இருப்பவரைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்.

அந்த நோய்க்கு மருந்தில்லை. மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டிருந்தோம்.

"கிடைக்கலை அண்ணாச்சி. ரொம்ப அபூர்வமான நோயாம். இவ்வளவு கொஞ்சப் பேருக்காகப் பணம் ஒதுக்க முடியாதுன்னுட்டாங்க" என்றேன்.

"அபூர்வமா வலம்புரி ஒண்ணு கெடச்சா ஊரே வெல பேச வருது சார். எம் புள்ளைக்கு வந்தது அபூர்வம்னா ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டேங்கானே!"

மகளை அடக்கம் செய்தபின் ஒருநாள் தனியாக வந்தார்.

"அந்தப் பணம் வந்துட்டுதா சார்?"

யாருக்காகக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. இல்லை என்று சொல்ல நான் வாயெடுக்கும் முன்பே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.