பளபளப்பு ஆகாத நாயும் என் பாத்திரக் கடையும்

பாத்திரக் கடைத் தொழிலில் பாதி வேலை துடைப்பது, மீதி வேலை தட்டிக் காட்டுவது. சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் பத்தொன்பது வருசமாக நானும் என் வீட்டுக்காரரும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். குடம், அண்டா, தாம்பாளம், டிபன் கேரியர் எல்லாவற்றையும் காலையில் துடைத்து, முகம் தெரிகிற அளவுக்கு வாசலில் அடுக்கினால்தான் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். கடை மேற்குப் பார்த்தது. எதிரே காலி மனை. மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக வந்து எவர்சில்வர் மேல் விழும், அங்கிருந்து கடைக்குள் இருக்கிற சுவரெல்லாம் வெளிச்சப் பொட்டாக ஆடும்.

அப்படிப்பட்ட கடையில் எங்களுக்கு வாய்த்த நாய் துரை. செவலை நிற நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது ஒரு மழை நாளில் குக்கர் வந்த அட்டைப் பெட்டிக்குள் ஏறிப் படுத்தவன்தான், அதன் பிறகு இறங்கவே இல்லை. ஒரு வயது தாண்டியதும் அவனுக்கு அந்தக் கோளாறு ஆரம்பித்தது. சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டு அசைந்தால் போதும், அதைப் பிடித்தே ஆகவேண்டும். பொட்டு பிடிபடாது, இவனும் விடமாட்டான். சோறு, தண்ணீர், நான் கத்துவது எதுவும் அவன் காதில் ஏறாது. வாலைப் பிடிக்கச் சுற்றுகிற நாயோ, பாதத்தை நக்கி நக்கியே புண்ணாக்குகிற நாயோ உங்கள் வீட்டில் இருந்தால் நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். கடைக்கு வந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

தாய்மாமன் கை

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து சீர்ப் பாத்திரம் எடுக்க வந்தது. மொத்தம் பன்னிரண்டு பேர். சீர்ப் பாத்திரம் எடுக்கிறவர்கள் எதையும் சும்மா பார்க்க மாட்டார்கள். கவிழ்ப்பார்கள், விரலால் சுண்டுவார்கள், வெயிலுக்குக் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றி ஒடுக்கு தேடுவார்கள். கல்யாணப் பெண்ணின் அத்தை ஒரு குடத்தைத் திருப்பினால் சுவரில் நாலு பொட்டு ஓடும். துரை நாலையும் துரத்தினான்.

பெண்ணுக்குத் தாய்மாமன் கையில் கனமாக ஒரு தங்கக் காப்பு போட்டிருந்தார். கையை ஆட்டாமல் பேச வராது அவருக்கு. "அந்த அண்டாவை எடு" என்று கையை நீட்டினால் காப்பு வெளிச்சம் அண்டா மேல் விழும், துரையும் அண்டா மேல் விழுவான். "தவலையைக் காட்டு" என்றால் தவலை மேல் பாய்வான். அவருக்குக் காப்பு நினைவே இல்லை. தன் சொல்லுக்குத்தான் நாய் கட்டுப்படுகிறது என்று முடிவு செய்து நெஞ்சை நிமிர்த்திவிட்டார். நான் பதறிப்போய் நாயைக் கட்டப் போனதும் தடுத்தார்.

"விடு தங்கச்சி. தாய்மாமன் கை எங்க நீளுதோ அங்க ஓடுது பாரு. எங்க மச்சான் வீட்டுல ஒருத்தனுக்கு இம்புட்டு மரியாதை தெரியலையே!"

பாய் கேட்க நினைத்தது

கோரிப்பாளையத்து பிரியாணி மாஸ்டர் பாய் ஒருவர் எங்களுக்கு நாள்பட்ட வாடிக்கை. அளந்து பேசுகிற மனுசன். ஒரு நாள் பிரியாணி தம் போடுகிற பெரிய தேக்சா ஒன்று வேண்டும் என்று வந்தார். அடிப்பாகம் பார்ப்பதற்காக அதை வாசலில் படுக்கப் போட்டோம். வெயில் உள்ளே புகுந்து அடியில் வட்டமாக ஒரு வெளிச்சம் நின்றது. அவ்வளவுதான், துரை உள்ளே போய்விட்டான். அவன் சுற்றச் சுற்ற தேக்சா ஆடியது, தேக்சா ஆட ஆட வெளிச்சமும் ஆடியது. சந்து முழுக்க டங்கு டங்கென்று சத்தம். என் வீட்டுக்காரர் பின்னங்காலைப் பிடித்து இழுத்ததில் அவரும் இடுப்புவரை உள்ளே போய்விட்டார்.

நாய் எச்சில் பட்ட பாத்திரம் பாய்க்கு ஆகாது. யாவாரமும் போச்சு, பழக்கமும் போச்சு என்று நான் தலையில் கைவைத்து நின்றேன். அவர் தாடியைத் தடவியபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஒரு முழு ஆடு கொள்ளுமான்னு கேக்கலாம்னுதான்மா வந்தேன். கேக்காமலே அளந்து காட்டிட்டீங்க, மாஷா அல்லாஹ். இதே சைஸ்ல வேற ஒண்ணு எடுங்க."

பாண்டியம்மாவின் தாயத்து

கடைக்குப் பக்கத்தில் பாண்டியம்மா பூ விற்கிறாள். என் கண்ணுக்குத் தெரியாத எதையோ துரை சுவரில் பார்க்கிறான் என்பது அவள் கட்சி. "சும்மா வெளிச்சம்தான்" என்றால், "உனக்கு வெளிச்சம், அதுக்கு என்னவோ" என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை எங்கேயோ போய் மந்திரித்த செம்புத் தாயத்து ஒன்றை வாங்கி வந்து, கறுப்புக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் கட்டினாள். சாமி காரியம் என்று அதைப் புளி போட்டு வேறு விளக்கியிருந்தாள்.

மூன்று மணி வெயில் வந்தது. துரையின் நெஞ்சிலிருந்தே ஒரு பொட்டு கிளம்பிச் சுவரில் போய் விழுந்தது. இவன் ஓடினால் அதுவும் ஓடியது. உள்ளே போனால் மறைந்தது, வாசலுக்கு வந்தால் மறுபடி வந்தது. முதலில் நானும்தான் சிரித்தேன். அரை மணி நேரம் ஆகியும் அவன் நிற்கவில்லை. சுவரில் மோதி மோதி மூக்கு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது, அப்போதும் நிற்கவில்லை. ஓடிப்போய் அவனைக் கட்டிப் பிடித்து, கயிற்றை அறுத்து, முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மடியில் நாலு பாதத்தையும் பார்த்தால் தோல் உரிந்து சிவந்திருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. இவ்வளவு நாள் இதைப் பார்க்காமல் என்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே என் மேல் ஆத்திரமாக வந்தது. பாண்டியம்மா மட்டும் அசரவில்லை.

"தாயத்தைக் குறை சொல்லாத. நேத்து வரைக்கும் விட்டு விட்டு ஓடுச்சு, இன்னைக்கு நிக்காம ஓடுதுல்ல? உள்ள இருக்கது அம்புட்டும் வெளியேறுது."

ஆட்டோ கண்ணாடி

மறுநாளே ஆரப்பாளையம் பக்கம் இருக்கிற நாய் டாக்டரிடம் கிளம்பினோம். ஆட்டோவில் வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் துரை. முன்னால் இருந்த கண்ணாடியில் வெயில் பட்டு டிரைவரின் காக்கிச் சட்டைத் தோளில் ஒரு பொட்டு விழுந்தது. சிக்னல் தாண்டுவதற்குள் துரை அவர் தோளுக்கு மேல் ஏறிவிட்டான். அவர் வண்டியை ஓரங்கட்டினார். இறக்கிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். விசயத்தைக் கேட்டுக்கொண்டு கண்ணாடியைத் திருப்பி வைத்தார்.

"உக்காருங்கக்கா, போவோம். பின்னாடி என்ன வண்டி வருதுன்னு இனி நீங்கதான் திரும்பித் திரும்பிப் பாத்துச் சொல்லணும்."

டாக்டர் கேட்ட கேள்வி

இந்தக் கோளாறுக்கு யார் காரணம் என்று அதுவரை நான் ஊரையே திட்டியிருந்தேன். செல்போன் டார்ச்சை ஆட்டுகிறார் என்று வீட்டுக்காரரைத் திட்டினேன். ஈர வாளியை வெயிலில் வைக்கிறாள் என்று பாண்டியம்மாவிடம் சண்டைக்குப் போனேன். டாக்டரம்மா துரையின் பாதத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். "குட்டியில யாராவது இவனுக்கு வெளிச்சம் காட்டி விளையாடினீங்களா?"

வீட்டுக்காரர் இல்லை என்று தலையாட்டினார். நான் தரையைப் பார்த்தேன். ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது, கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அவர் சாப்பிட்டுவிட்டு உள்ளே கண்ணயர்கிற நேரத்தில் நான் ஒரு சம்படத்து மூடியை எடுத்து வெயிலைப் பிடித்துச் சுவரில் காட்டுவேன். குட்டி உருண்டு புரண்டு அதைத் துரத்தும். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பேன். மாதம் முழுக்கத் தினமும் இதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. சொல்லி முடித்ததும் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, துரையின் காதைத் தடவிக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

துரத்துகிற நாய்க்குக் கடைசியில் ஏதாவது வாயில் சிக்க வேண்டுமாம். எதுவுமே சிக்காத ஒன்றைத் துரத்தினால் புத்தி அதிலேயே மாட்டிக்கொள்ளுமாம். மாத்திரை எழுதினார். தினமும் நடக்கக் கூட்டிப் போகச் சொன்னார், தின்பதை ஒளித்து வைத்து மோப்பம் பிடித்துத் தேட விடச் சொன்னார். முக்கியமாக, வெளிச்சப் பொட்டு கண்ணிலேயே படக்கூடாது. இப்படியே விட்டால் உடம்பு தாங்காது என்றும் சொல்லிவிட்டார்.

"மாத்திரை நான் தரலாம்மா. வெளிச்சம் உங்க கடையிலருந்து வருது. நாய் தெளியணுமா, கடை பளபளக்கணுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

வாடிப்பட்டியில் ஒன்பது நாள்

கடையை மூட முடியாது என்றார் வீட்டுக்காரர். நாயை விட முடியாது என்றேன் நான். கடைசியில், வாடிப்பட்டிப் பக்கம் வயல் வைத்திருக்கிற அவருடைய அண்ணனிடம் கொஞ்ச நாள் விடுவது என்று ஒத்துக்கொண்டேன். அங்கே பாத்திரமும் இல்லை, சுவரும் இல்லை, பசேலென்று இருக்கும், தேறிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயலுக்கு நடுவே வாய்க்கால் ஓடுவதும், ஓடுகிற தண்ணீரில் வெயில் பட்டால் ஒரு பொட்டு இல்லை, ஆயிரம் பொட்டு ஆடும் என்பதும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவன் இல்லாத கடையில் எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, உன் நாயி காலையிலருந்து பொழுது சாயுற வரைக்கும் வாய்க்காலுக்குள்ளயே நின்னு தண்ணியக் கடிக்குதுடா, வந்து கூட்டிட்டுப் போ. ஆனா ஒண்ணு சொல்லணும், ஒத்தக் கொக்கு வயல்ல இறங்கல."

நேர்மையான ஆள்

கூட்டி வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். நாற்றுப் பண்ணையில் கட்டுகிற பச்சை வலையை இரண்டு மடிப்பாகக் கடை முகப்பில் தொங்கவிட்டேன். குடம் முதல் கரண்டி வரை அத்தனையையும் செய்தித்தாளில் சுற்றி உள்ளே அடுக்கினேன். மின்னாத சரக்கு எது? இரும்புக் கடாய், தோசைக் கல், பணியாரச் சட்டி. அவற்றை எடுத்து முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன். "பாத்திரக் கடைக்காரி பாத்திரத்தை ஒளிச்சு வச்சு யாவாரம் பண்ணப் போறா" என்று சத்தம் போட்டார் வீட்டுக்காரர். போட்டுக்கொண்டே பெரிய அண்டாவுக்குப் பேப்பர் சுற்றியதும் அவர்தான்.

முதல் வாரம் யாவாரம் படுத்துவிட்டது. ஒருவர் வலையை விலக்கி, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஒரு டீச்சர் வந்தார். முன்னால் இரும்பு, உள்ளே பேப்பருக்குள் எவர்சில்வர், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். இரண்டு கடாயும் ஒரு தோசைக் கல்லும் எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவர்சில்வரைவிட இரும்புதான் உடம்புக்கு நல்லதுன்னு தெரிஞ்சுதானக்கா அம்புட்டையும் உள்ள ஒளிச்சு வச்சிட்டீங்க? இந்தக் காலத்துல இப்படி நேர்மையான ஆளு யாருக்கா இருக்கா!"

நாலரை மணி

மாத்திரை, நடை, தேங்காய்ச் சில்லை ஒளித்து வைத்துத் தேடுவது என்று மூன்று மாதம் ஓடியது. பாதத்தில் தோல் வளர்ந்தது. பகலிலும் சோறு தின்ன ஆரம்பித்தான். ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெண் இட்லிச் சட்டி வாங்க வந்திருந்தாள். காற்றுக்கு வலை எங்கேயோ கிழிந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அந்த ஓட்டை வழியாக வெயில் நுழைந்து எதிர்ச் சுவரில் ஒரு பொட்டு விழுந்தது. வலை ஆட ஆட அதுவும் ஆடியது.

துரை காதை உயர்த்தினான். பாதி எழுந்துவிட்டான். முன்னங்கால் நடுங்கியது. என் கையில் இட்லிச் சட்டி மூடி, அதைக் கீழே வைக்கக்கூடப் பயம். "துரை" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். பொட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி பொட்டைப் பார்த்தான். பிறகு திரும்பி நடந்து வந்து, என் கால் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் வெளியே போய், வலை ஓட்டையில் முதுகை வைத்து அடைத்துக்கொண்டு நின்றார். பொட்டு மறைந்தது. வந்த பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நாய் சும்மாதானக்கா படுத்திருக்கு. அதுக்கு நீங்க எதுக்கு அழுகுறீங்க, அண்ணன் எதுக்கு வெயில்ல போயி முதுகைக் காட்டிட்டு நிக்கிறாரு?"

பத்தொன்பது வருசம் கடை போதுமான அளவு பளபளக்கவில்லையே என்று கவலைப்பட்டவள், இப்போது எந்த மூலையில் எந்தக் கரண்டி பளபளத்துத் தொலைக்குமோ என்று கவலைப்பட்டுக்கொண்டு, அதே கடையில் பாத்திரம்தான் விற்றுக்கொண்டிருக்கிறேன்.