அஞ்சலாட்சி ஐந்தாவது டயரை வெட்டினாள்

கோரிமேட்டில், திண்டிவனம் சாலை புதுச்சேரியை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், ஒரு தகரக் கொட்டகையில் டயர் கடை வைத்திருந்தாள் அஞ்சலாட்சி. கடைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அவளிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஆள் யாரும் இல்லையாம்மா?" என்பதுதான். அவள் கையில் டயர் கழற்றும் லீவர் இருக்கும். கிரீஸ் முழங்கை வரை ஏறியிருக்கும். இருந்தாலும் அவர்கள் கண்ணுக்கு ஆள் தெரியாது. "நிக்கிறேனே, தெரியல?" என்பாள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

இந்தத் தொழிலை அவள் ஒரு ரீட்ரெடிங் கம்பெனியில் கற்றாள். தேய்ந்த லாரி டயரைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, அவித்து எடுக்கிற இடம் அது. பதினோரு வருடம் சுரண்டினாள். ரப்பரின் வயதை மூக்கால் சொல்லுமளவுக்குத் தேறினாள். ஒரே மெஷினில் ஒரே வேலை செய்த ஆண்களுக்கு ஒரு கூலி, பெண்களுக்குக் குறைந்த கூலி. ஏன் என்று கேட்டதற்கு மேனேஜர், "அவன் குடும்பத்தைக் காப்பாத்துறவன்" என்றார். அவர் காட்டிய ஆளின் குடும்பத்தைக் காப்பாற்றியது அவன் பெண்டாட்டி விற்ற இட்லி என்பது ஊருக்கே தெரியும். பதினான்கு பெண்களை அழைத்துக்கொண்டு ஒன்பது நாள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள் அஞ்சலாட்சி. பத்தாம் நாள் கூலி சமமானது. அடுத்த மாதமே அவளை மட்டும் வெளியே அனுப்பினார்கள். நியாயம் கேட்டவரைத் துரத்திவிட்டு, கேட்ட நியாயத்தைத் தாங்களாகவே கொடுத்ததுபோல் காட்டிக்கொள்வது முதலாளிகளின் பழைய வித்தை.

கடை இருந்த இடம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கம். மழைக்காலம் வந்துவிட்டால் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாது. அடிபட்டவர்களின் உறவினர்கள் டீக்கடையில் நின்று "எல்லாம் விதி" என்று அழுவதை அவள் கேட்டிருக்கிறாள். நசுங்கிய வண்டியை இழுத்து வந்து ஓரமாக நிறுத்தினால், போய் அதன் டயரைக் குனிந்து பார்ப்பாள். பாதி வண்டிகளில் உள்நூல் வெளியே தெரியும். போன வருடம் அப்படி ஒரு வேன் வந்தது. அதை ஓட்டியவன் செத்துப்போயிருந்தான். வேன் முதலாளி அவன் தலையெழுத்து அவ்வளவுதான் என்றபோது, "தலையில யாரும் எழுதல. நீங்க டயர் மாத்தல" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அந்த ஆள் அதற்குப் பிறகு அவள் கடைப்பக்கம் வரவில்லை. அவளும் அவனைத் தேடவில்லை.

அவள் கணவன் கலைவாணன் சுய்ப்ரேன் வீதியில் ரொலான் வீட்டு டிரைவர். ரொலான் பிரெஞ்சு ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுப் படைக்குப் போன தமிழர் வீடுகளை ஊர்க்காரர்கள் 'சொல்தா' குடும்பம் என்பார்கள். வீட்டு வேலையாட்களுக்கு அவர் 'முசியே'. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தான் சொன்னதை யாரும் மறுக்காமலே வயதாகிவிட்டது.

2007 செப்டம்பரில் அவர் பிரான்சிலிருந்து ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் வரவழைத்தார். இரண்டு கதவு, இரண்டு சீட், தரையை முத்தமிடும் உயரம். அதனுடன் கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிய ஐந்து டயர்களும் வந்தன. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். வாட்ச்மேன் தன் பங்குக்கு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டு மதமும் சேர்ந்து பழம் நசுங்குவதைப் பார்த்தனவே ஒழிய, காரில் மாட்டியிருந்த டயர் மொட்டையாகிக் கிடப்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

நவம்பர் மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ரொலான் பெயர் கொடுத்திருந்தார். காரைக் கலைவாணன் சனிக்கிழமையே சாலை வழியாக ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். முசியேவும் அவர் மனைவி மதலேனும் நண்பர்களோடு வேறொரு ஏசி காரில் வருவார்கள். புதன்கிழமை காலை அந்த ஐந்து டயர்களும் அஞ்சலாட்சி கடைக்கு வந்து இறங்கின. கலைவாணன் சிவப்புக் காரை ஓட்டி வந்தான். பின்னாலேயே ரொலானும் வந்தார். துறைமுகத்தில் அன்றைக்குப் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.

அஞ்சலாட்சி பிளாஸ்டிக்கைப் பிரித்தாள். பந்தய டயர். நடுவில் இரண்டே இரண்டு கோடு, மற்றதெல்லாம் மொழுக்கென்று இருந்தது. அச்சில் வார்த்தபோது நின்ற ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. தரையே படாத புது டயர் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். அவள் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நகம் பதியவில்லை. பக்கவாட்டைத் துடைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, பொடி எழுத்துகளைப் படித்தாள். மூன்று எண்கள் இருந்தன, பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம்.

"இதப் போட மாட்டேன், முசியே" என்றாள்.

ரொலான் சிரித்தார். பாரிசுக்குப் பக்கத்தில் கடையை மூடிய ஒருவரிடம் வாங்கியதாகவும், பந்தயக்காரர்கள் அடித்துக்கொள்ளும் ரகம் என்றும் சொன்னார். அஞ்சலாட்சி எண்ணைக் காட்டினாள். ரெண்டாயிரத்துக்குப் பிறகு செய்த டயர் என்றால் நாலு எண் இருக்கும், மூன்று எண் இருந்தால் அதற்கு முந்தையது. கூடவே முக்கோணம் இருந்தால் தொண்ணூறுகளில் செய்தது. முந்நூற்று நாற்பத்தெட்டு என்றால் தொண்ணூற்றெட்டாம் வருடம், முப்பத்து நான்காவது வாரம். ஒன்பது வயது.

"இருட்டுல, குளிர்ச்சியா வச்சிருந்தாங்க. ஒன்பது வருஷத்து ஒயின் என்ன விலை தெரியுமா உனக்கு?"

"ஒயின் பழசானா குடிக்கலாம். ரப்பர் பழசானா கல்லு."

கலைவாணன் அவள் முழங்கையைத் தொட்டான். அவனை அவள் அறிவாள். முசியே மனம் கோணினால் வேலை போய்விடும், வேறு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. "விடு அஞ்சல, நான் மெதுவா ஓட்டிக்கிறேன்" என்று காதோடு சொன்னான். மெதுவாக ஓட்டுகிறவனுக்குத் தண்ணீர் விலகி வழி விடுமா என்ன? சனிக்கிழமை மழையில், மொழுக்கென்ற நான்கு டயர்மேல், கிளியனூர் தாண்டி, திண்டிவனம் தாண்டி, நூற்று முப்பது கிலோமீட்டர் போகப்போகிறவன் அவன்.

அவள் ரொலானுக்குப் பொறுமையாகவே விளக்கினாள். பந்தய டயர் புதிதாக இருந்தாலும் சாலைக்கு ஆகாது. அது சூடானால்தான் பிடிக்கும், தடத்தில் நாலு சுற்றுச் சுற்றினால்தான் சூடாகும். சாலையில் மழையில் போனால் ஆறியே கிடக்கும். தண்ணீர் வெளியே போகப் பள்ளமாக வெட்டிய காடி போதாது. காடி போதாத டயர் தண்ணீர்மேல் தோணிபோல் மிதக்கும். பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், கார் போய்க்கொண்டே இருக்கும். ரொலான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தடத்தில் ஒவ்வொரு நொடியும் கணக்கு, சாலை என்பது வெறும் போக்குவரத்துதானே என்றார்.

அந்த 'வெறும்' என்ற சொல்தான் அவளைச் சுட்டது. தடத்தில் ஓட்டுகிறவருக்குத் தலைக்கவசம், ஓரத்தில் மணல் படுகை, வாசலில் ஆம்புலன்ஸ். எதிரே ஒரு வண்டி வராது. சாலையில் ஓட்டுகிறவனுக்கு எதிரே லாரி, குறுக்கே மாடு, முன்னால் எங்கு வேண்டுமானாலும் நிற்கிற பஸ். பத்திரமான இடத்தில் ஓட்டுகிறவருக்காக டயர் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆபத்தான இடத்தில் ஓட்டுகிறவனை யாரும் கேட்பதில்லை. உலகத்தின் பாதி விவகாரம் இப்படித்தான் நடக்கிறது.

"முசியே, ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "டயர் நல்லதுன்னா சனிக்கிழம மழையில நீங்க இத ஓட்டிட்டுப் போங்க. இவரு ஏசி கார்ல வரட்டும். ஞாயித்துக்கெழம தடத்துல வேணா இவரு ஓட்டுறாரு."

கலைவாணன் தரையைப் பார்த்தான். பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த சின்னப்பாப்பா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். ரொலான் முகம் சிவந்தது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"பேச்சு நல்லா பேசற. ப்ரூவ் பண்ணு" என்றார்.

"ஒரு டயர வெட்டணும்."

"அஞ்சாவது எதுக்கு இருக்கு? வெட்டு."

அஞ்சலாட்சி ரப்பர் அறுக்கும் மெஷினை ஓட்டி, ஐந்தாவது டயரின் மேல்தோலிலிருந்து செங்கல் அளவுக்கு ஒரு துண்டு அறுத்தாள். ஆணி கிழித்து மூலையில் கிடந்த, போன வருடம் செய்த சாலை டயர் ஒன்றிலிருந்து அதே அளவுக்கு இன்னொரு துண்டு. இரண்டுக்கும் கம்பி வளையம் மாட்டினாள். சிமெண்டுத் தரையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினாள். சின்னப்பாப்பாவிடம் முழு வஞ்சிரம் நிறுக்கிற கொக்கித் தராசு இருந்தது, உள்ளே சுருள்வில் வைத்தது. அதைக் கேட்டாள். "மீனு நிறுக்கறது, ரப்பர் நிறுக்கறதுக்கா?" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே அவள் கொடுத்தாள்.

சாலை டயர்த் துண்டின்மேல் இருபது கிலோ மணல் மூட்டையை வைத்து, வளையத்தில் கொக்கியை மாட்டி, தராசை ரொலான் கையிலேயே கொடுத்தாள். அவர் இழுத்தார். முள் பத்தைத் தாண்டியது, பன்னிரண்டு ஆயிற்று. பதினாலுக்கு வந்தபோதுதான் துண்டு நகர்ந்தது. அதே மூட்டையைப் பந்தய டயர்த் துண்டின்மேல் மாற்றினாள். இழுத்தார். எட்டு கிலோவில் மீன் செதிள்போல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

ரொலான் நம்பவில்லை. துண்டுகளை இடம் மாற்றி வைக்கச் சொன்னார். மறுபடி இழுத்தார். மூட்டையைத் தானே தூக்கி வைத்து மூன்றாம் முறை இழுத்தார். பீரங்கிக்காரர், எண்ணுக்கு மட்டும் தலை வணங்கத் தெரிந்தவர். ஒவ்வொரு முறையும் பதினாலு, எட்டு, கிட்டத்தட்ட அவ்வளவுதான். சாமியாரின் தீர்த்தமும் வாட்ச்மேனின் எலுமிச்சம்பழமும் செய்யாததை ஒரு மீன் தராசு செய்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அலோர்... சரி, நீ எதப் போடுவ?"

அஞ்சலாட்சி ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். சென்னையில் அதே அளவில் வேகத்துக்கான சாலை டயர் கிடைக்கும். நாலும் ஒரே ரகமாக, ஒரே வருடத்தில் செய்ததாக இருக்க வேண்டும். நடுவில் ஆழமான நாலு காடி, தண்ணீர் அது வழியே ஓடிவிடும். டயரின் வெளி ஓரம் மட்டும் அகலமான ரப்பர்க் கட்டையாக இருக்கும், வளைவில் கார் சாயும்போது தாங்க. தடத்தில் எத்தனை நொடி இழப்பேன் என்று ரொலான் கேட்டார்.

"ரெண்டு, மூணு செகண்டு போகும். ஆனா இது சொல்லாம பிடிய விடாது. பிடிப்போட எல்லைக்கு வந்துட்டா கீச்னு கத்தும், நீங்க கால எடுத்துக்கலாம். அந்தக் கல்லு கத்தாது."

சொல்லிவிட்டு இன்னொன்றும் கேட்டாள். மீதி நாலு டயரையும் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். பழைய கடைக்குப் போட்டால் வேறொரு ஏழை டிரைவர் தலையில்தான் விழும். ரொலான் டயர்களை விட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே நான்கையும் யாருக்கும் உதவாதபடி குறுக்கே அறுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து புது டயர்கள் பார்சல் லாரியில் வந்தன. எண்ணைப் படித்தாள். நாலு எண், நாலு டயரிலும் ஒன்றேதான். மாட்டி, சமன்படுத்தி, டயர் ஆறிய பிறகு காற்றுப் பார்த்து, நட்டுகளைத் தானே முறுக்கினாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, குடையோடு வாசலில் நின்ற ரொலான், மழை பெருத்தால் ஓரமாக நிறுத்திவிடு, நேரத்துக்கு வரவேண்டுமென்று இல்லை என்று கலைவாணனிடம் சொன்னாராம். இரண்டு வருட வேலையில் அப்படி அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று மழை கொட்டித் தீர்த்தது. கடையில் வேலை இருந்தது, ஆனால் அஞ்சலாட்சிக்குக் கை ஓடவில்லை. ஒரு ஆம்புலன்ஸ் திண்டிவனம் பக்கமிருந்து வந்தது. எழுந்து நின்று பார்த்தாள். உள்ளே பிரசவக்காரி என்று யாரோ சொன்னார்கள். இன்னொன்று வந்தது, அதையும் பார்த்தாள். அறிவு என்னவோ அமைதியாகத்தான் இருந்தது. பதினாலு கிலோ, நாலு காடி, புது ரப்பர். நெஞ்சு மட்டும் அந்தக் கணக்கைக் கேட்க மறுத்தது. சாமி கும்பிடுகிறவர்களாவது அந்த நேரத்தில் ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள், இவளுக்கு அதுவும் இல்லை. ஸ்பேனர்களை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

பன்னிரண்டே காலுக்கு செல்போன் அடித்தது.

"வந்துட்டேன்" என்றான் கலைவாணன். பின்னால் யாரோ இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"கிளியனூர் தாண்டி ஒரு பஸ்காரன், கை காட்டாம கொள்ளாம நடுரோட்டுல நிறுத்திட்டான். ரோடு முழுக்கத் தண்ணி. மிதிச்சேன் பாரு, ஒரு பக்கமும் இழுக்கல, நேரா நின்னுச்சு. பஸ்ஸுக்கும் எனக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். கண்டக்டர் எறங்கி வந்து, கார் யாருதுன்னு கேக்காம டயர் எங்க வாங்கினதுன்னு கேக்கறான்... அஞ்சல? இருக்கியா?"

"இருக்கேன்."

"என்ன பண்ணிட்டிருக்க?"

"சும்மாதான். காத்துப் பாத்தீங்களா? ஓட்டி வந்த சூட்டோட பாக்கக் கூடாது, ஆறட்டும்."

"என்னப் பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டியா நீ?" என்று அவன் சிரித்தான்.

"நீங்கதான் பேசறீங்களே. அப்புறம் என்ன கேக்கறது?" என்றாள். போனைக் காதிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அவன் குரல் தன் பாட்டுக்குப் பிரியாணி எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. மழை தகரத்தில் ஓயாமல் அடித்தது. அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்தாள். கிரீஸ் கன்னத்தில் ஏறியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் வயிற்றுக்குத் தெரிந்தது. தூக்குச்சட்டியைத் திறந்து, நெத்திலிக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.