அறுபதாம் நம்பர் வீட்டைத் தேடியவர்

எங்கள் தொழிலில் சாவுச் செய்தி ஆர்டராகத்தான் வந்து சேரும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அம்பது காப்பி, ஜல்தியா வேணும்" என்று போன் வரும். பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டுக்கொண்டே அடிக்க ஆரம்பித்துவிடுவேன். போன செவ்வாய்க்கிழமை வந்த போனில் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"செல்வியக்கா, அப்பா போய்ட்டாரு" என்றாள் ஜெபா, விழுப்புரத்திலிருந்து. "காலைல காபி குடிச்சிக்கினே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. போஸ்டர் நீங்கதான்க்கா அடிக்கணும். வேற எங்க குடுத்தாலும் அவருக்குப் புடிக்காது."

அடித்தேன். ஆ. பாக்கியநாதன், ஓய்வுபெற்ற தபால்காரர். பெயருக்குக் கீழே ஜெபா சொன்ன வேத வசனத்தின் எண். புத்தகப் பெயரும் எண்ணும் ஒரே வரியில் நிற்கிறதா என்று பார்த்தேன். அதிகாரத்துக்கும் வசனத்துக்கும் நடுவே உள்ள இரண்டு புள்ளியின் அக்கம்பக்கத்தில் இடைவெளி விழாமல் இருக்கிறதா என்றும் பார்த்தேன். பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்த பிறகுதான், பச்சை மைப் பேனாவோடு இதைச் சரிபார்க்க வேண்டிய ஆள் இனி வரமாட்டார் என்பது உறைத்தது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வல்லம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த பெற்றோருக்குப் பிறந்தவர். "எங்க தெருவுக்குக் கடுதாசி வந்தா உள்ள வரமாட்டாங்கம்மா. டீக்கடையில போட்டுட்டுப் போயிடுவாங்க. எங்கப்பா அங்க போய் நின்னு கேட்டு வாங்கிக்கினு வருவாரு" என்று ஒருமுறை சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார், கோபம் எனக்குத்தான் வந்தது. படித்துத் தபால்காரரானார். பணியில் இருந்த காலமெல்லாம் ஒரு கடிதத்தைக்கூட வழியில் யாரிடமும் கொடுத்தனுப்பியதில்லை. அந்தந்த வீட்டு வாசலுக்கே போய்க் கொடுத்தார்.

ஓய்வு பெற்ற சில மாதங்களில் என் கடைக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் மனைவி கிரேஸ் அம்மா காலமாகியிருந்தார். அவர்கள் திருச்சபையின் மாத இதழை நான்தான் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் மெய்ப்புப் பார்க்கப்போவது தான்தான் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, பழைய இதழ் ஒன்றை என் முன்னால் விரித்தார்.

"இதுல யோவான்னு அஞ்சு எடத்துல வருது. அஞ்சும் அஞ்சு விதம். ஒண்ணுல ஒத்தப் புள்ளி, ஒண்ணுல ரெண்டு புள்ளி, ஒண்ணுல யோவா, ஒண்ணுல வெறும் யோ, இன்னொண்ணுல 'ஆம் அதிகாரம்'னு நீட்டி வச்சிருக்கீங்க. ஒரே ஆளுக்கு அஞ்சு விலாசம் எழுதுனா போஸ்ட்மேன் எங்கம்மா போவான்?"

எனக்குச் சுருக்கென்றது. "எழுதிக் குடுக்கறவங்க அப்படிக் குடுக்கறாங்க சார். நான் என்ன பைபிள் படிச்சவளா? எங்க வீட்ல மயிலம் முருகன் காலண்டர்தான் தொங்குது."

"நானும் உங்கள வசனம் படிக்கச் சொல்லலியே. வசனத்த அவங்கவங்க வீட்ல படிச்சுக்குவாங்க. விலாசத்த ஒழுங்கா எழுதறதுதான் நம்ம ரெண்டு பேரு வேலை."

அன்றிலிருந்து சட்டம் அவர் போட்டதுதான். கட்டுரைக்குள் வந்தால் புத்தகத்தின் முழுப்பெயர், அடைப்புக்குறிக்குள் வந்தால் சுருக்கம், சுருக்கமும் ஒரே மாதிரி. எண் வரி ஓரத்தில் தனியாக நின்றுவிட்டால் போதும், "அப்பன ஒரு பஸ்ல, புள்ளைய ஒரு பஸ்ல ஏத்தி உட்டுட்டீங்களே" என்று பச்சை மையில் வட்டம் போட்டு அனுப்புவார். பச்சை மை பெரிய அதிகாரிகள் போடுவதாயிற்றே என்றேன். "அதான் ரிட்டையர் ஆன உடனே மொத வேலையா வாங்கிட்டேன்" என்று சிரித்தார். சரியாக இருந்த ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பொடியாக 'ப' என்று எழுதுவார். பட்டுவாடா ஆயிற்று என்று அர்த்தமாம்.

ஒரே ஒரு முறை நானே அவரை முந்திக்கொண்டு ஒழுங்குபடுத்தப் பார்த்தேன். 'சங்.' என்று இருந்ததையெல்லாம் 'சங்கீதம்' ஆக்க, புள்ளியை விட்டுவிட்டு ஒரே சொடுக்கில் கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னேன். இதழ் முழுக்கப் பெண்கள் சங்கம் 'சங்கீதம்கம்' ஆகிவிட்டது. மெய்ப்பைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "தலைவி, செயலாளர் எல்லாம் பாட்டுப் பாடத்தான் போறாங்க போல" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி அந்த மாதம் முழுக்க என்னை ஓட்டினார்.

ஜெபாவுக்கு விழுப்புரத்தில் வேலை கிடைத்து அவர்கள் அங்கே குடிபோன பிறகும் அவர் வருவது நிற்கவில்லை. பஸ் ஏறி, வழியில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். மெய்ப்புத் தாளில் மல்லாட்டை ஈரம் படியும். கத்துவேன். பொட்டலத்தை என் பக்கம் நகர்த்துவார்.

அப்படி ஒருநாள் வந்தபோதுதான் அந்த நோட்டைக் கொண்டுவந்தார். நோயாளியைப் பார்க்கப் போகும்போது எந்த வசனம், பிள்ளை பிறந்த வீட்டில் எது, பரீட்சைக்குப் போகிறவனுக்கு எது, குடியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவனுக்கு எது, துக்க வீட்டில் எது என்று தலைப்பு வாரியாக எழுதி வைத்திருந்தார். வசனம் இல்லை, எண்கள் மட்டும். சட்டைப் பையில் அடங்குகிற சின்னப் புத்தகமாகப் போட வேண்டும், வீடு வீடாகப் போய் ஜெபிக்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். "கண்ணு மங்கிக்கினே வருதும்மா. தெரியறப்பவே முடிச்சிடணும்."

வரிசைப்படுத்த வசதி என்று எல்லாவற்றையும் எக்செல்லில் அடித்தேன். அடித்த சில எண்களின் நடுவில் பூஜ்யம் முளைத்தது. பெரிய எண்களின் வாலில் இன்னும் இரண்டு பூஜ்யம் ஒட்டிக்கொண்டது. இது என்ன பேஜாரு என்று அத்தனை பூஜ்யத்தையும் நீக்கி, நெல் நாற்று மாதிரி வரிசையாக்கி அனுப்பினேன். அவ்வளவு அழகாக நான் எதையும் அடித்ததில்லை. ஒரு வட்டம்கூட விழாது என்று நிச்சயமாக நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து போன் செய்தார். "செல்விம்மா, எல்லாத் தெருவுலயும் அம்பத்தொம்பதாம் நம்பரோட வீடு முடிஞ்சு போவுதே. நூத்திப்பத்தொன்பதாம் சங்கீதத்தத் தவிர வேற எங்கயும் அறுபதாம் நம்பர் வீடே இல்ல, அறுபதத் தாண்டுன வசனமே இல்ல. நான் எழுதிக் குடுத்தேனே?"

"உங்க நோட்ல இருக்கறதத்தான் சார் அடிச்சேன்" என்று வெடுக்கென்று சொன்னேன்.

மறுநாள் நோட்டோடு வந்துவிட்டார். திரும்பி வந்தவனுக்கு என்று அவர் எழுதியிருந்தது லூக்கா 22:61. நான் அனுப்பிய மெய்ப்பில் இருந்தது லூக்கா 23:1. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே எண்ணை எக்செல்லில் மறுபடி அடித்துக் காட்டினேன். என் கண்ணெதிரேயே அது மாறியது. அந்தப் பாழாய்ப்போன மென்பொருள் அதிகாரத்தை மணி என்றும் வசனத்தை நிமிடம் என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறது! அறுபது நிமிடம் தாண்டினால் அடுத்த மணி. நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்து எண்கள் மணிக்கணக்கில் அடங்காததால் தப்பித்திருக்கின்றன. பூஜ்யத்தை நான் விட்டுவைத்திருந்தால் கடிகார நேரம் என்று யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். ஒரே சீராக்குகிறேன் என்று தடயத்தையும் நானே அழித்திருந்தேன்.

"அந்த எடத்துல இன்னா சார் இருக்கு?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"நான் எழுதுனது, தப்புப் பண்ண சிஷ்யன ஆண்டவரு திரும்பிப் பாக்கற எடம். நீங்க அனுப்புனது, கூட்டமாச் சேந்து ஆண்டவரப் புடிச்சிக்கினு கவர்னர்கிட்ட போற எடம். குடிய உட்டவன் கேட்டா திரும்பக் குடிக்கப் போயிடுவான்."

அவர் சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அறுபதைத் தாண்டியதை மட்டும் தேடித் திருத்திவிடுகிறேன் என்றேன். அவர் ஒப்பவில்லை. "ஒரு லெட்டர் மாறிப் போச்சுன்னா பையையே கொட்டிப் பாக்கணும்மா. மொதல்லேந்து ஒவ்வொண்ணா நான் படிக்கறேன், நீங்க பாருங்க."

அது முகூர்த்த மாதம். பத்திரிகை ஆர்டர் மேசை நிறையக் கிடந்தது. "எனக்கு வேற பொழப்பில்லையா சார்? இதுக்கு மேல ஆகாது, வேற எடம் பாத்துக்கோங்க" என்று கத்திவிட்டேன். கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து போகவில்லை. கூட்டம் குறையும்வரை மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"கிரேஸு ஆஸ்பத்திரியிலேந்து வந்து படுத்துக்கினு இருந்தப்போ பயமா இருக்குதுன்னு சொன்னா. ஓமந்தூர் ரூத்தம்மா ஜெபிக்க வந்திருந்தாங்க. பயப்படறவங்களுக்குன்னு சபையில குடுத்த துண்டுத்தாள் ஒண்ணு வச்சிருந்தாங்க. அதுல போட்டிருந்த நம்பரத் தேடி எடுத்துப் படிச்சா, இன்னாருக்கு இன்னார் புள்ளைன்னு பேரு பட்டியலு. பாவம், அந்தம்மா முழிக்கறாங்க. கிரேஸு சிரிச்சிட்டா, 'பரவால்லக்கா, நல்ல பேருங்கதான்'ன்னா. எனக்குச் சிரிப்பு வரல. அடுத்த வாரம் அவ போய்ட்டா. ரூத்தம்மா அப்புறம் யாரு வீட்டுக்கும் பைபிளத் தூக்கிக்கினு போகல. கூச்சமாப் போச்சு அவங்களுக்கு."

"அந்தத் துண்டுத்தாள் எந்தக் கடையில அடிச்சது சார்?"

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப" என்றார், பொட்டலத்தைப் பார்த்தபடி.

சபைக்கு அந்த ஆண்டும் துண்டுத்தாள் அடித்தது நான்தான். எண் தவறாகப் போனது என் கையிலா, எழுதிக் கொடுத்தவர் கையிலா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விடவில்லை. வேறு எந்தக் கடைக்கும் போகாமல் என் கடைக்கு வந்து உட்கார்ந்த மனிதர் அவர்.

மறுநாள் காலை பையைக் கொட்டினோம். அவர் நோட்டைப் பார்த்துப் படிப்பார், நான் திரையைப் பார்த்து "ஆங்" என்பேன், அவர் தாளில் 'ப' போடுவார். கல்யாணப் பத்திரிகைகளை இடையிடையே அடித்தேன். முழுதாக எட்டு நாள் ஆயிற்று. கடைசி எண்ணுக்கு 'ப' போட்டுவிட்டுப் பேனாவை மூடியவர், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி எழுந்து நின்று சோம்பல் முறித்தார். விழுப்புரத்தில் அச்சாகி வந்த முதல் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "ஓமந்தூருக்கு ஒண்ணு நானே போய்க் குடுத்துட்டு வர்றேன்" என்று பஸ் ஏறினார். அவர் செய்த கடைசி பட்டுவாடா அதுதான் என்று நினைக்கிறேன். ரூத்தம்மா வாங்கிக்கொண்டாரா, என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "வாங்கிப் பெட்டியில வச்சுக்கினாங்க" என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய் பிற்பகல் போஸ்டர் கட்டோடு விழுப்புரம் போனேன். வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அவருடைய முகத்தில் சிரமப்பட்ட அடையாளமே இல்லை. கட்டு முழுக்கக் கடிதம் கொடுத்துவிட்டு வந்து படுத்தவர் போல இருந்தார். ஜெபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதிரியார் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. யாராவது ஒரு வசனம் வாசியுங்களேன் என்று ஒருவர் சொன்னார்.

பெண்கள் நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். "ரூத்தம்மா" என்று ஜெபா என் காதில் சொன்னாள். நான் அவரை அன்றுதான் பார்த்தேன். ஒரு கையில் பைபிள், மறு கையில் எங்கள் சின்னப் புத்தகம். துக்க வீடு என்ற பக்கத்தைப் பிரித்து முதல் எண்ணின் மேல் விரலை வைத்தார். யோவான் 14:2. முருகா, அந்த எண் சரியாக இருக்க வேண்டும், இந்த அம்மாள் இன்னொரு தரம் முழிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவர் பைபிளைப் புரட்டினார். இடத்தைக் கண்டுபிடித்தார். நிமிர்ந்து, உரத்த குரலில் வாசித்தார்.

தகப்பன் வீட்டைப் பற்றிய வசனம் அது. அங்கே தங்குவதற்கு நிறைய இடம் இருக்கிறதாம். இடத்தை ஆயத்தம் செய்ய ஆண்டவர் முன்னால் போகிறாராம். எத்தனையோ முறை அடித்த எண், ஒரு முறையும் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. ஜெபா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ரூத்தம்மா தடுமாறாமல் முடித்து, பக்கத்தைத் திருப்பி, அடுத்த எண்ணுக்கும் போனார்.

கைப்பையிலிருந்து என் பிரதியை எடுத்தேன். ஜெபாவிடம் கேட்டேன். அவள் உள்ளே போய் அவருடைய பச்சைப் பேனாவைக் கொண்டுவந்து தந்தாள். யோவான் 14:2-க்குப் பக்கத்தில் பொடியாக ஒரு 'ப' எழுதினேன்.

சரியான வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது சார். நீங்களும் போய்ட்டு வாங்க.