எல்லாரும் அட்மின், பழி மட்டும் பூங்கொடிக்கு

கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்த்திருக்கிறீர்களா?

போன வாரம் நான் பார்த்தேன். மவுஸ் மேஜை மேல் சும்மா கிடந்தது. யார் கையும் அதன் மேல் இல்லை. நல்ல பகல் வெளிச்சம் வேறு. அம்புக்குறி மட்டும் அதுபாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது...

எங்கே என்றா கேட்கிறீர்கள்? கொல்லிமலையில். செம்மேட்டில். மிளகு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன கம்பெனியின் ஆபீஸில்.

எனக்கு அங்கே என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. என் நண்பரின் தங்கை மாலதி, ராசிபுரத்தில் மூன்று பேரை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சர்வீஸ் நடத்துகிறாள். சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆபீஸ்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியர். "மலைக்குப் போறேன், வாரீங்களாண்ணா?" என்றாள். குளிர்ந்த காற்றுக்கு ஆசைப்பட்டு ஏறி உட்கார்ந்தேன்.

முள்ளுக்குறிச்சி தாண்டி வண்டி மலையேறும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

சேலத்து வியாபாரி ஒருவருக்கு இந்தக் கம்பெனி மிளகு அனுப்பியிருக்கிறது. கூடவே பில். பில்லில் இருந்த வங்கிக் கணக்கு எண் கம்பெனியுடையது இல்லை. யாருடையதோ!

நல்லவேளை, அந்த வியாபாரி ஒரு சந்தேகப் பேர்வழி. பணத்தைப் போடாமல் போன் போட்டிருக்கிறார். "ஏனுங்க, பேங்க் மாத்திட்டீங்களா?" அந்த ஒரு கேள்வியில் கம்பெனி தப்பித்தது. சந்தேகப் பேர்வழிகள் நீடூழி வாழ்க!

சரி, எண்ணை மாற்றியது யார்?

கம்ப்யூட்டரைக் கேட்டால் 'அட்மின்' என்கிறது. அட்மின் யார்? மேனேஜரும் அட்மின், அக்கவுண்டன்டும் அட்மின், ஆபரேட்டரும் அட்மின். மாலதியின் ஆட்கள் வந்தாலும் அட்மின். அத்தனை பேருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு — கம்பெனி பெயரும் 123-ம்.

எல்லாரும் அட்மின் என்றால் பழி யார் மேல் விழும்? இருப்பதிலேயே எளியவர் மேல்தான். ஆபரேட்டர் பூங்கொடி, அதே மலையில் எடப்புளி நாட்டிலிருந்து (சில ஊர்கள் சேர்ந்தால் அங்கே 'நாடு') நடந்தும் பஸ் பிடித்தும் வேலைக்கு வருகிற பெண். அவள் குடும்பத்தில் டிகிரி முடித்த முதல் ஆள். அவளுடைய பையைத் திறக்கச் சொல்லி, எல்லார் முன்னாலும் சோதித்திருக்கிறார்கள். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, "விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

மேனேஜர் சுந்தரம் முள்ளுக்குறிச்சிக்காரர். ஐம்பதைத் தாண்டிய, சொந்தமாகக் காடு கழனி உள்ள மனிதர். டீ கொடுத்து உட்கார வைத்தார். கூடவே தீர்ப்பையும் கொடுத்துவிட்டார்.

"அந்தப் புள்ளைதானுங்க. வேற யாரு? நாள் பூரா இதுல உக்காந்திருக்கறது அதுதானே!"

"இருக்கலாம் சார். ஆனா மொதல்ல என்னையச் சந்தேகப்படுங்க" என்றாள் மாலதி.

"ஏனுங்க... உங்களையா?"

"எங்க பசங்க ராசிபுரத்துல உக்காந்துட்டே இதுக்குள்ள வந்துட்டுப் போறாங்க இல்லீங்களா? அவங்கள்ல ஒருத்தன் பண்ணியிருந்தா? எங்க பாஸ்வேர்டையே எவனாவது திருடியிருந்தா? சர்வீஸ் பண்றவங்க எல்லாம் நல்லவங்கன்னு யாருங்க சொன்னது?"

சொன்னதோடு நிற்கவில்லை. தன் ஆபீஸுக்குப் போன் போட்டாள். இந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையும் தங்கள் வழியை உடனே அடைக்கச் சொன்னாள். "அடைச்சாச்சுங்கக்கா" என்று பதில் வந்தது.

நிஜமாகவே அடைத்தார்களா? உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு மாலதி மேலேயே சந்தேகம். சுந்தரம் மேல் சந்தேகம். வாசலில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்த அக்கவுண்டன்ட் மேல் ரொம்பவே சந்தேகம். சந்தேகம் அப்படித்தான், ஆள் பார்க்காது.

"சார், ஆபீஸ் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்ற கிட்ட ஒண்ணு, வாட்ச்மேன்கிட்ட ஒண்ணுங்க."

"கம்ப்யூட்டர் சாவி?"

"பாஸ்வேர்டுங்களா? அது எல்லார்கிட்டயும் இருக்குதுங்களே..."

அப்போதுதான் அது நடந்தது. திரையில் அம்புக்குறி நகர்ந்தது!

சுந்தரத்தின் இரண்டு கையும் டீ கிளாஸில். மாலதி கையில் போன். அம்புக்குறி அவசரமே இல்லாமல் ஊர்ந்து போய், பில்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தது. சொந்த வீட்டு அலமாரியைத் திறப்பது மாதிரி.

"ஐயோ சாமி..." என்றார் சுந்தரம்.

மாலதி தன் போனில் திரையைப் படம் பிடித்தாள். அடுத்த நொடி இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினாள். அம்புக்குறி அப்படியே நின்றது.

"சார், அந்தப் பொண்ணு போனு இப்ப எங்கீங்க?"

"இந்த டிராயர்லதானுங்க..."

"அவங்க ஊட்டுல கம்ப்யூட்டர் இருக்குதுங்களா?"

சுந்தரம் இல்லை என்று தலையை ஆட்டினார். அப்புறம் அந்தத் தலை நிமிரவே இல்லை. போனும் கம்ப்யூட்டரும் இல்லாதவள் அம்புக்குறியை எப்படி நகர்த்தியிருப்பாள்?

மாலதி கம்ப்யூட்டரைக் குடைந்ததில் விஷயம் வெளியே வந்தது. மிளகு எடை போட எலெக்ட்ரானிக் தராசு மாட்ட வந்த ஒருவர், ரிப்பேர் வந்தால் மலையேறி வரத் தேவையில்லை என்று, தூரத்திலிருந்தே இயக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதற்கும் அதே பாஸ்வேர்டு. வேலை முடிந்தது, அவர் போய்விட்டார். கதவு மட்டும் திறந்தே கிடந்தது. எவனோ தட்டிப் பார்த்து, திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டான். அவன் யார்? இன்றுவரை தெரியாது. சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

சுந்தரம் ஒரு வண்ணப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். பாதுகாப்புச் சாஃப்ட்வேர் விற்கிற யாரோ கொடுத்துவிட்டுப் போனது. "இதையெல்லாம் வாங்கியிருந்தா இந்தத் தொல்லை வந்திருக்காதுங்களா?"

மாலதி நாலு பக்கம் புரட்டினாள். "இதுல பாதி எனக்கே புரியலீங்க சார். புரியாததை வாங்கி வெச்சா, அது வேலை செய்யுதா இல்லையான்னும் நமக்குத் தெரியாது. யார் உள்ள வாராங்க, எந்த வழியா வாராங்க, யார் பேருல வாராங்க... மொதல்ல இது தெரியட்டும். தராசுக்காரர் வரணும்னா உங்களைக் கேட்டுட்டு வரட்டும், வேலை முடிஞ்சதும் வழியை அடைச்சிருங்க. நானும் அப்படித்தான். பேங்க் நம்பர் மாறுனா ரெண்டு பேர் பார்க்கணும், ஒரு போன் போடணும். மத்ததெல்லாம் அப்பறம் பார்க்கலாம்."

எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால் திருடனுக்கு வசதி. அதுகூடப் பரவாயில்லை. தப்பே செய்யாதவருக்கு, 'நான் செய்யவில்லை' என்று காட்ட வழியே இல்லாமல் போகிறதே! பாஸ்வேர்டு கள்ளனைத் தடுக்க மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நல்லவரின் பெயரைக் காப்பாற்றவும் அதுதான்.

பூங்கொடியின் போன் டிராயரில் இருக்கிறது. அவளை எப்படிக் கூப்பிடுவது? போனை எடுத்துக்கொண்டு, சுந்தரத்தையும் ஏற்றிக்கொண்டு, மாலதியின் வண்டியிலேயே எடப்புளி நாட்டுக்குப் போனோம். தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி நடந்தோம். மரவள்ளிக் காட்டில் அம்மாவோடு களை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மண் ஒட்டிய கையைத் துடைக்கவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை.

சுந்தரம் போனை நீட்டினார். "கண்ணு... தப்பு நடந்து போச்சு. நீ பண்ணலைன்னு தெரிஞ்சிருச்சு. நாளைக்கு வேலைக்கு வா சாமி."

"இப்பத்தான் கண்ணுங்களா சார்?"

அவர் போனை அவள் கையில் வைத்தார்.

"பையைத் தொறக்கச் சொன்னது எல்லார் முன்னாடியுமுங்க. ஊரே பேசுது. எங்கப்பா ரெண்டு நாளா டீக்கடைப் பக்கம் போகலீங்க. நீங்க இங்க வந்து காட்டுக்குள்ள சொன்னா யாருக்குங்க கேக்கும்?"

"எல்லார் முன்னாடியும் சொல்றேன் கண்ணு."

"சொல்லுங்க. அப்பறம் வாரேன்."

சொன்னார். அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். மறுநாள் கம்பெனி உறுப்பினர்களையும் அவளுடைய அப்பாவையும் கூப்பிட்டு, ஆபீஸ் வாசலில் நின்று, "புள்ளை மேல அநியாயமாப் பழி போட்டுட்டேன்" என்று கைகூப்பியிருக்கிறார். பூங்கொடி அன்றே வந்து உட்கார்ந்துவிட்டாள். இப்போது அவரவருக்கு அவரவர் பெயர், அவரவர் பாஸ்வேர்டு. 'அட்மின்' என்ற பொதுப் பெயரை மாலதி பூட்டி வைத்துவிட்டாள்.

நேற்று மாலதி போனில் சொன்னாள். பூங்கொடி ஒரு கல்யாணத்துக்காக லீவு கேட்டிருக்கிறாள். சுந்தரம் பழக்க தோஷத்தில், "போயிட்டு வா கண்ணு, உன்ற பாஸ்வேர்டை மட்டும் சொல்லிட்டுப் போயிரு" என்றிருக்கிறார்.

"அதைக் கேக்கறவங்களைத்தானுங்க சார் மொதல்ல சந்தேகப்படணும்!" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாளாம்.

சுந்தரம் விழுந்து விழுந்து சிரித்தார் என்கிறாள் மாலதி. எனக்கென்னவோ சந்தேகமாகத்தான் இருக்கிறது.