பெட்டிக்குக் கட்டிய மேடை

அறுபதுகள் முடியப் போகிற சமயம். ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு, முடிச்சூருக்கு அப்பால் ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. வீடு மேற்குத் தாம்பரத்தில். பாதி தூரம் பஸ், மீதி தூரம் வரப்பு. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு குடையும் ஒரு ஜோடி செருப்பும் இருந்தால் ஊரையே திருத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி என்பது ஒரு நீளமான கீற்றுக் கொட்டகை. இடுப்பளவுக்குச் சுவர், கதவு கிடையாது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்துத் தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. ஒரு நாள், பஸ்ஸில் படிக்க வாங்கிய வாரப் பத்திரிகையை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்த் திரும்பினேன். ஏழெட்டுத் தலைகள் அதன்மேல் கவிழ்ந்திருந்தன. தலைவலி மாத்திரை விளம்பரத்தை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். பாடப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் கையால் தொட்டிராத பிள்ளைகள்!

அந்த ஞாயிறே எங்கள் தெருவிலும் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். குழந்தைகள் பத்திரிகை, கதைப் புத்தகம், அட்டை போனது, அட்டை இல்லாதது என்று கொடுத்ததையெல்லாம் வாங்கினேன். அம்மாவிடம் கெஞ்சி ஒரு தகரப் பெட்டியையும் வாங்கி, எல்லாவற்றையும் அதில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டு வந்தேன்.

கொண்டு வந்த பிறகுதான் யோசனை வந்தது, இதை எங்கே வைப்பது? கொட்டகையில் வைத்தால் மழை. பெட்டி திறந்திருந்தால் ஆடு. முதல் வாரமே ஒரு வெள்ளாடு இரண்டு அட்டைகளைத் தின்றுவிட்டது. பிள்ளைகளே வழி சொன்னார்கள். "எங்க வூட்ல வச்சிக்கிறேன் டீச்சர்!" என்று முப்பது கைகள் எழுந்தன.

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. பகலில் பெட்டி பள்ளியில் இருக்கும். சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போகும். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி வாரம் ஒரு வீடு. பெட்டி இருக்கும் வீட்டில் மற்றப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்து படிக்கலாம். கிழிந்ததை ஒட்டுவது, நனையாமல் பார்ப்பது, காலையில் ஒன்று குறையாமல் கொண்டு வருவது எல்லாம் அந்த வீட்டின் பொறுப்பு.

நான் எதிர்பார்த்ததைவிட அது நன்றாக நடந்தது. படிக்கத் தெரியாத ஒரு அம்மா, பழைய காலண்டர் தாளைச் சேர்த்து வைத்து அத்தனை புத்தகங்களுக்கும் அட்டை போட்டு அனுப்பினார். இன்னொரு வீட்டில், வாசலில் சொம்பில் தண்ணீர் வைத்து, கை கழுவாத யாரையும் பெட்டி அருகே விடவில்லையாம். "இந்த வாரம் எங்க வூட்ல பொட்டி" என்று ஒரு பிள்ளை சொல்வதைக் கேட்டால், வீட்டில் கல்யாணம் என்று நினைப்பீர்கள்.

பதிவேட்டில் அடுத்து வந்த பெயர் ஒரு நாலாம் வகுப்புப் பெண்ணுடையது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், சேரியிலிருந்து வருகிறவள். அவளுடைய அப்பா பல்லாவரத்தில் மலையில் கல் உடைக்கிறவர். அவள் படிக்கும்போது விரலை வரிமேல் வைத்துக்கொள்ள மாட்டாள், கையைக் கட்டிக்கொண்டு படிப்பாள். புத்தகத்தில் அழுக்குப் பட்டுவிடுமாம்.

அவள் முறை வருவதற்கு இரண்டு நாள் முன்னால், பள்ளிக்கு இடம் கொடுத்த நிலக்காரர் வந்தார். அவர் மகளும் எங்களிடம் படித்தாள்.

"டீச்சர், அடுத்த வாரம் பொட்டி எங்க போவுது?"

சொன்னேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. அங்க போய்ட்டு வந்த பொட்டிய எங்க பொம்பளைங்க வூட்டுக்குள்ள வுட மாட்டாங்க. அவ்ளோதான். பாத்து செய்ங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். "நீ ஆரம்பிச்சது, நீயே பாத்துக்கோம்மா" என்று ஒதுங்கிக்கொண்டார்.

எங்களுடையது ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். கடவுள் முன்னால் எல்லாரும் ஒன்று என்று ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருந்தும், அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் செய்தது இதுதான்.

அவள் தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரி, பெட்டியை மூட ஒரு கோணிப்பையோடு வந்து நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "உங்க வீடு ஏரிக்கரை ஓரம் தாழ்வா இருக்கும்மா. மழை வந்தா தண்ணி உள்ளே வந்துடும். புத்தகம் நனைஞ்சிடும். அப்புறமா பார்க்கலாம்."

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "எவ்ளோ ஒசரத்துல வச்சா நனையாது டீச்சர்?"

பேச்சை முடிக்கும் அவசரத்தில் என் இடுப்புக்கு நேரே கையைக் காட்டினேன். "இவ்வளவாவது வேணும்."

அவள் என் பக்கத்தில் ஒட்டி நின்று, என் கை இருந்த இடம் தன் உடம்பில் எங்கே வருகிறது என்று பார்த்தாள். நெஞ்சுக்கு நேரே வந்தது. அங்கே கையை வைத்தபடியே வீட்டுக்குப் போனாள். பெட்டி பதிவேட்டில் அடுத்த பெயருக்குப் போனது.

இரண்டு வாரம் கழித்து, பள்ளி விடும் நேரம். கொட்டகைக்கு வெளியே ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணின் அப்பா.

"டீச்சரம்மா, நீங்க சொன்ன ஒசரத்துக்கு மேடை கட்டிட்டேன். ஒரு தபா வந்து பாத்துட்டு, சரியா கீதான்னு சொன்னா..."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் அவர் பின்னால் போனேன். அந்தப் பெண் எங்களுக்கு முன்னால் ஓடினாள்.

சின்னக் குடிசை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே, சுவரை ஒட்டி ஒரு கல் மேடை. மலையில் வேண்டாமென்று ஒதுக்கிய கற்களைத் தினமும் வேலை விட்டு வரும்போது கோணியில் சுமந்து வந்து அடுக்கி, மண் பூசி, மேலே வழவழவென்று ஒரு பலகைக் கல் வைத்திருந்தார். நல்ல கைவேலை. அந்தப் பெண் அதன் பக்கத்தில் போய் நின்று காட்டினாள். சரியாக அவள் நெஞ்சுக்கு நேரே.

குடிசையில் கால்வாசி இடம் மேடைக்கே போயிருந்தது. மூலையில் அவளுடைய அம்மா இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு நின்றிருந்தார். "நீங்க எல்லாரும் எங்கே படுப்பீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க வெளில படுத்துக்குவோம் டீச்சர்" என்றார் அந்த அம்மா, அது ஒரு விஷயமே இல்லை என்பது போல. "மழை வந்தா உள்ள வந்து குந்திக்கினு இருப்போம். புஸ்தகம் நனையக் கூடாது இல்ல?"

நான் வெளியே வந்துவிட்டேன். அவள் அப்பாவும் என்னோடு வந்தார். அவரிடம் பொய்யை மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. "நான் மழைக்காகச் சொல்லலைங்க..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் டீச்சரம்மா" என்றார் அவர். திரும்பிக் குடிசைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குத் தெரியாதா? ஆனா பொண்ணு மழைன்னுதான் நம்பிகினு கீது. அதுவே நெசமா இருந்துட்டுப் போவட்டும்னுதான் கட்டினேன்."

அவர் முகத்தில் என்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டியின் ஒரு கைப்பிடியை நான் பிடித்தேன், மறு கைப்பிடியை அவள் பிடித்தாள். ஊர்த் தெரு வழியாகவே நடந்தோம். வேறு வழி இருந்தது, ஆனால் அன்று அதில் போக எனக்கு மனமில்லை. நிலக்காரர் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

"சொன்னேன் இல்ல டீச்சர்?"

"பதிவேட்டு வரிசைப்படிதான் போகுதுங்க. உங்க வீட்டு முறை வந்தப்போ உங்க வீட்டுக்கும் வந்தது" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். பள்ளியைக் காலி செய்யச் சொல்வார் என்று ஒரு மாதம் பயந்துகொண்டே இருந்தேன். சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஐந்து வீடுகள் பெட்டி வேண்டாம் என்றன. யாரோடும் வாதாடாமல், அந்த வீடுகளைத் தாண்டி அடுத்த வீட்டுக்கு அனுப்பினேன். வாதாடியவர்கள் பிள்ளைகள்தான். தன் வாரம் போய்விட்டதே என்று ஒருவன் வீட்டில் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தானாம். மறுநாள் அவன் அம்மாவே வந்து, "எப்பத் தருவீங்க?" என்று எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். இப்படி ஒவ்வொன்றாக நான்கு வீடுகள் திரும்பி வந்தன. நிலக்காரர் வீடு மட்டும் கடைசிவரை வரவில்லை. அவர் மகள் மதியச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்து, பள்ளியிலேயே நின்றபடி படித்து முடிப்பாள். அந்த வருடம் அதிகமான புத்தகங்களைப் படித்தவள் அவள்தான்.

அந்தக் குடிசையில் பெட்டி இருந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். வெளியே மரத்தடியில் சேரிப் பிள்ளைகளோடு ஊர்ப் பிள்ளைகளும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள். மலையிலிருந்து வந்த அவள் அப்பா, கல் தூசி படிந்த உடம்போடு தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கதை நடுவில் அவர் சிரித்த சிரிப்பு, ஏரியின் மறுகரைக்குக் கேட்டிருக்கும்.

நான் வேறு ஊருக்கு மாற்றலாகி, பல பள்ளிகளைப் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என் பொய் எப்போதாவது புரிந்ததா, தெரியவில்லை. ஆனால் எனக்கு வசதியான ஒரு காரணம் நாக்கு நுனியில் வந்து நிற்கும்போதெல்லாம், அதை உண்மையாக்க யாரெல்லாம் கல் சுமக்கப் போகிறார்களோ என்று யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.